வெளிநாட்டுக்கு சார்ஜர் எடுத்துட்டுப் போறீங்களா? பிளக் பொருந்துமா, மிக்ஸி ஓடுமா? அடாப்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கெடார். இங்கிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குக் கிளம்பும் ஒருவர் விழுப்புரம் வந்து, திண்டிவனம் வழியாக சென்னை மீனம்பாக்கம் போய் விமானம் ஏற வேண்டும். வீட்டில் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டால், அந்த நாட்டில் போய் இறங்கும்போது அரை நாளுக்கு மேல் ஆகியிருக்கும். செல்போனில் சார்ஜ் கடைசிக் கோட்டில் நிற்கும்.

டிக்கெட், விசா நகல், வேலைக்கான அனுமதிக் கடிதம், அழைத்துப்போக வருபவரின் நம்பர், தங்குமிடத்தின் முகவரி என எல்லாமே அந்த போனுக்குள்தான் இருக்கின்றன. அவசரமாக சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரைத் தேடினால், அங்கே இருப்பது மூன்று சதுர ஓட்டை. கையில் இருப்பது இரண்டு உருண்டைப் பின்!

நூற்றுக்கணக்கில் செலவு செய்தால் தீர்ந்துவிடும் பிரச்னைதான் இது. ஆனால், எதை வாங்குவது, எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கினால், பிளக் பொருந்தும், உள்ளே சொருகிய பொருள் புகைந்துவிடும். முதல் முறை பாஸ்போர்ட் எடுத்தவர் முதல், மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மா வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மின்சாரம் வீடுகளுக்கு வந்த காலத்தில், அதை பெரும்பாலும் விளக்குக்குத்தான் பயன்படுத்தினார்கள். மற்ற கருவிகள் ஒவ்வொன்றாக வந்தபோது, அந்தந்த நாட்டுக் கம்பெனிகள் தங்களுக்கு வசதியான பிளக்கைத் தயாரித்துக்கொண்டன. அப்போது பெட்டியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு பறந்தவர்கள் யாரும் இல்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் சாக்கெட் பதித்த பிறகு, மாற்றுவது லேசான காரியமாக இல்லை.

நம் வீட்டில் இருக்கும் மூன்று உருண்டைப் பின் பிளக், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச் சென்றது. 'பி.எஸ் 546' என்ற பிரிட்டிஷ் தர அளவின் வழியில் வந்தது அது. நாம் 'அஞ்சு ஆம்ப்ஸ்', '15 ஆம்ப்ஸ்' என்று சொல்லும் இரண்டு அளவுகளும் அந்தக் குடும்பம்தான். இன்று இந்தியாவில் ஐ.எஸ் 1293 என்ற தர அளவின் கீழ் 6 ஆம்ப்ஸ், 16 ஆம்ப்ஸ் என்று குறிக்கப்படுகின்றன.

ஆனால் பிரிட்டனே அந்த பிளக்கைக் கைவிட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புது வீடுகளைக் கட்ட வேண்டியிருந்தது. தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. வயரை மிச்சப்படுத்தும் புதிய வயரிங் முறையையும், அதற்கேற்ற புதிய பிளக்கையும் உருவாக்கினார்கள். 1947-ல் வந்த அந்த பிளக்தான் மூன்று சதுரப் பின் கொண்ட 'டைப் ஜி'. இதற்கான பரிந்துரைகளைத் தயாரித்த குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தியவர் அவர். அந்த சாக்கெட்டில் மேல் ஓட்டைக்குள் நீளமான எர்த் பின் நுழைந்தால்தான், கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். குழந்தை விரலையோ ஹேர்பின்னையோ விட்டாலும் கரன்ட் இருக்கும் பகுதியைத் தொட முடியாது.

உலகம் முழுக்க ஒரே பிளக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-ல் ஒரு பொது வடிவத்தை வெளியிட்டது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அதைத் தழுவி தங்கள் பிளக்கை மாற்றின. மற்ற நாடுகள் அசைந்துகொடுக்கவில்லை. இன்று உலகில் 'ஏ' முதல் 'ஓ' வரை சுமார் 15 வகை பிளக்குகள் இருக்கின்றன.

நீங்கள் போகும் நாட்டில் என்ன பிளக்?

15 வகையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் நாடுகளைப் பார்த்தாலே போதும்.

* சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், பிரிட்டன்: மூன்று சதுரப் பின் 'டைப் ஜி'. மின் அழுத்தம் நம் ஊரைப் போலவே 220 முதல் 240 வோல்ட்டுக்குள்.
* துபாய், அபுதாபி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன்: இங்கேயும் 'டைப் ஜி'தான். வோல்ட்டேஜ் பிரச்னை இல்லை.
* சவுதி அரேபியா: 'டைப் ஜி'. முன்பு பல இடங்களில் 127 வோல்ட் இருந்தது. இப்போது 230 வோல்ட்டுக்கு மாறியிருக்கிறார்கள். ஹஜ், உம்ரா செல்பவர்கள் பழைய கட்டடங்களில் தங்கினால், சாக்கெட் அருகே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.
* இலங்கை: நம் ஊர் உருண்டைப் பின் சாக்கெட்டும் உண்டு, சதுரப் பின் சாக்கெட்டும் உண்டு. 'டைப் ஜி'யையே நாடு முழுவதற்குமான பொது வகையாக்க அந்நாடு முடிவெடுத்திருப்பதால், புதிய கட்டடங்களில் சதுர ஓட்டைகளையே எதிர்பார்க்கலாம்.
* அமெரிக்கா, கனடா: இரண்டு தட்டைப் பின் 'டைப் ஏ', அதோடு எர்த் சேர்ந்த 'டைப் பி'. மின் அழுத்தம் 120 வோல்ட் மட்டுமே.
* ஜப்பான்: தட்டைப் பின். 100 வோல்ட்.
* ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள்: இரண்டு உருண்டைப் பின். 230 வோல்ட். நம் போன் சார்ஜரின் இரண்டு பின் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் பல சாக்கெட்டுகள் குழிவாக இருப்பதால், உடல் பருத்த சார்ஜர் உள்ளே போகாமல் முட்டி நிற்கும். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் தனி வகை உண்டு.
* ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: இரண்டு சாய்ந்த தட்டைப் பின், கீழே எர்த். 230 வோல்ட்.

ஒரே ஒரு நாட்டுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால், எல்லா நாட்டு பின்னும் கொண்ட யுனிவர்சல் அடாப்டர் தேவையே இல்லை. அந்த நாட்டுக்கான சாதாரண அடாப்டர் ஒன்றோ இரண்டோ போதும். விலையும் குறைவு, பிடிமானமும் கூடுதல். இரண்டு மூன்று நாடுகளுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும், அடிக்கடி பறக்கிறவர்களுக்கும்தான் யுனிவர்சல் அடாப்டர் லாபம்.

அடாப்டர் கரன்ட்டை மாற்றாது!

பலரும் ஏமாறும் இடம் இதுதான். அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். 120 வோல்ட்டை 230 ஆக்காது, 230 வோல்ட்டை 120 ஆக்காது. அதைச் செய்ய கன்வெர்ட்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது தனிப் பொருள். கனமாக இருக்கும், விலையும் அதிகம்.

அப்படியானால் நம் ஊர் போன் சார்ஜரை அமெரிக்காவில் போடலாமா? தாராளமாகப் போடலாம். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட்' என்று போட்டு, பக்கத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்கள் இருந்தால், அந்தப் பொருள் உலகில் எங்கும் வேலை செய்யும். போன், லேப்டாப், டேப்லெட், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

வெறும் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், அது 230 வோல்ட் நாடுகளுக்கு மட்டுமே ஏற்றது. அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை.

வயதான பெற்றோர் வெளிநாடு போகும்போது நெபுலைசர், தூக்கத்தில் மூச்சு சீராக இருக்க உதவும் 'சிபாப்' கருவி, காதுமெஷின் சார்ஜர் போன்றவற்றை எடுத்துச் செல்வார்கள். இவற்றின் லேபிளை ஊரிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே போய் இறங்கி, ராத்திரி மூச்சுத் திணறும்போது பார்க்கிற விஷயம் அல்ல இது.

அமெரிக்காவுக்கு மிக்ஸி கொண்டு போகலாமா?

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் பொடி, ஊறுகாய்க்கு அடுத்து இடம்பிடிப்பது மிக்ஸி. நம் வீட்டு 230 வோல்ட் மிக்ஸியை வெறும் அடாப்டர் மாட்டி 120 வோல்ட்டில் ஓட்டினால், மெதுவாகச் சுற்றும். சட்னிக்கே திணறும். திணறத் திணற மோட்டார் சூடேறும். வெட் கிரைண்டர் நிலைமை இன்னும் மோசம். பல நேரம் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும்.

120 வோல்ட்டை 230 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமே என்று தோன்றும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அதிக கரன்ட் இழுப்பதால், மிக்ஸியின் வாட்ஸைவிட இரு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். மிக்ஸியைவிட அதுதான் கனமாக இருக்கும். அதோடு, அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர, ஹெர்ட்ஸை மாற்றாது.

இதற்கு எளிய வழி, அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் தயாராகும் மிக்ஸியை வாங்குவது. பிரீத்தி போன்ற நம் ஊர் கம்பெனிகளே இந்த மாடல்களை விற்கின்றன.

திரும்பி வரும்போதும் கவனம் வேண்டும். அங்கிருந்து ஆசையாக வாங்கிவந்த ஹேர் டிரையரையோ அயர்ன் பாக்ஸையோ இங்கே அடாப்டர் மாட்டிப் போட்டால், சில நொடிகளில் கருகிவிடும். வோல்ட்டேஜ் இரு மடங்கானால், சூடேற்றும் கருவிக்குள் செல்லும் மின் திறன் இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகிவிடும். அந்தக் கருவி தாங்காது. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து கொண்டுவருபவைக்கு இந்தப் பிரச்னை இல்லை.

பேனாவைக் குத்தி சொருகுகிறீர்களா?

அடாப்டர் இல்லாதபோது பலர் கையாளும் ஒரு 'டெக்னிக்' உண்டு. சதுர ஓட்டை சாக்கெட்டின் மேல் ஓட்டையில் ஒரு பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ குத்தினால் கீழ் மூடிகள் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் நம் ஊர் உருண்டைப் பின்னை அழுத்திச் சொருகிவிடுவார்கள். முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கு அறையில் இருக்கும் சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே சில நேரம் இதுதான்.

சார்ஜ் ஏறும். ஆனால் ஆபத்தும் கூடவே ஏறும். குழந்தைகளுக்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு மூடியை நாமே திறந்து வைக்கிறோம். கை தவறி ஸ்க்ரூடிரைவர் கீழ் ஓட்டைக்குள் போனால் ஷாக் நிச்சயம். அதைவிட முக்கியமானது, சதுரப் பின்னுக்காகச் செய்த உள் தகடு, உருண்டைப் பின்னை முழுதாகப் பிடிக்காது. பிடிமானம் தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் இளகும். பங்க் கட்டில்களும் துணிகளும் நெருக்கமாக இருக்கும் அறையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வைத்திருக்கும் பாயின்ட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த சாக்கெட்டுக்குப் பொருந்தும் சாதாரண அடாப்டர் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். முதல் நாள் வாங்க வேண்டிய பொருட்களில் சோப்பு, சீப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் இல்லாத அடாப்டரில் எதைப் போடக் கூடாது?

யுனிவர்சல் அடாப்டர்கள் பலவற்றில் இரண்டு பின் மட்டுமே வேலை செய்யும். மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதாவது, எர்த் தொடர்பு கிடையாது. போன், கேமரா சார்ஜருக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் குக்கர், கெட்டில் போன்ற உலோக உடல் கொண்ட கருவிகளை அதில் போடக் கூடாது. உள்ளே வயர் கசிந்தால், அந்த கரன்ட் தரைக்குப் போக வழியில்லாமல், தொடுகிறவர் உடல் வழியாகப் போகும்.

இன்னொன்று, ஆம்ப்ஸ். அடாப்டரில் 6 ஆம்ப்ஸ் என்று எழுதியிருந்தால், 230 வோல்ட் நாட்டில் 1,380 வாட்ஸ் வரைதான் அது தாங்கும். 120 வோல்ட் நாட்டில் அதே அடாப்டர் 720 வாட்ஸ்தான். கணக்கு சுலபம். வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட்ஸ். 1,500 வாட்ஸ் கெட்டிலை இந்த அடாப்டரில் போட்டால், நல்ல அடாப்டராக இருந்தால் பியூஸ் போகும். மட்டமான அடாப்டராக இருந்தால் உருகும்.

சமைப்பதற்கும் துணி தேய்ப்பதற்குமான கருவிகளை அந்த ஊரிலேயே, அந்த ஊர் பிளக்குடன் வாங்கிக்கொள்வதுதான் சரி.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

* பின்னை வெளியே தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆடினால் வாங்க வேண்டாம்.
* பியூஸ் இருக்கிறதா, கூடுதலாக ஒரு பியூஸ் தருகிறார்களா என்று கேளுங்கள்.
* எத்தனை ஆம்ப்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும். எதுவுமே எழுதாத அடாப்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தவிருங்கள்.
* ஒரு நாட்டின் பின்னை வெளியே எடுத்திருக்கும்போது, மற்ற பின்கள் உள்ளேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் கரன்ட் இருக்கலாம்.
* நம் ஊர் மூன்று பின் பிளக்கை அதில் சொருக முடிகிறதா என்று கடையிலேயே சொருகிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.
* சார்ஜரும் பவர் பேங்கும் வாங்கும்போது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'பி.ஐ.எஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், உண்மையான பதிவா என்று தெரிந்துவிடும்.

கடைசி நேரத்தில் ஏர்போர்ட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே விலை கூடுதலாகவே இருக்கும். ஹோட்டலில் தங்குபவர்கள் ரிசப்ஷனில் கேட்டால், பல இடங்களில் அடாப்டரை இலவசமாகவே தருவார்கள். அறையில் இருக்கும் டி.வி-யின் பின்புற யு.எஸ்.பி போர்ட்டிலும் அவசரத்துக்கு போனை சார்ஜ் செய்யலாம்.

பவர் பேங்க்: விமானத்தில் என்ன விதி?

அடாப்டர் கிடைக்கும் வரை கை கொடுப்பது பவர் பேங்க். ஆனால் அதை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் அனுமதியே கிடையாது.

வாட் ஹவர் எப்படிக் கண்டுபிடிப்பது? எம்.ஏ.ஹெச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் போதும். 10,000 எம்.ஏ.ஹெச் என்றால் 37 வாட் ஹவர். 20,000 என்றால் 74. இரண்டும் பிரச்னை இல்லை. 30,000 என்றால் 111. செக்யூரிட்டியில் நிறுத்தி வைப்பார்கள். எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கையும் பறிமுதல் செய்ய வாய்ப்புண்டு.

2025 ஜனவரி 28-ம் தேதி, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினர். இருக்கைக்கு மேலே வைக்கப்பட்டிருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். அதன் பிறகு பல விமான நிறுவனங்கள் கெடுபிடியைக் கூட்டின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதல், ஒருவர் 100 வாட் ஹவருக்கு உட்பட்ட ஒன்றை மட்டுமே கொண்டுபோகலாம். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது. டிக்கெட் போட்ட நிறுவனத்தின் விதியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொது இடத்தில் சார்ஜ் போடலாமா?

ஏர்போர்ட், மால் போன்ற இடங்களில் இருக்கும் யு.எஸ்.பி போர்ட்டில் நேரடியாக கேபிளைச் சொருகினால், சார்ஜோடு தகவல் திருட்டும் நடக்க வாய்ப்பிருக்கிறது. இதற்கு 'ஜூஸ் ஜாக்கிங்' என்று பெயர். ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. உங்கள் சொந்த சார்ஜரை சுவர் பிளக் பாயின்ட்டில் மாட்டுவது பாதுகாப்பு. அதற்கும் அடாப்டர்தான் தேவை. யு.எஸ்.பி-யில் சொருகியதும் போனில் 'தகவலைப் பகிரலாமா' என்று கேட்டால், 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள்.

ரயிலில் சென்னை போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. ரயில்களில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் நடைமுறை உண்டு. படுக்கும் முன்பே சார்ஜை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி அடாப்டரே தேவைப்படாதா?

ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கப்படும் புதிய போன்கள், டேப்லெட்டுகள் எல்லாவற்றுக்கும் 'யு.எஸ்.பி சி டைப்' சார்ஜிங் கட்டாயம். ஆப்பிள் நிறுவனமும் 2023-ல் ஐபோன் 15 வரிசையில் இதற்கு மாறியது. இந்தியாவும் சி டைப்புக்கான தர அளவை வெளியிட்டிருக்கிறது. ஆக, கேபிளின் போன் பக்க முனை உலகம் முழுக்க ஒன்றாகிக்கொண்டிருக்கிறது. சுவர்ப்பக்க முனை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சுவருக்குள் பதித்ததை மாற்ற எந்த நாடும் அவசரப்படவில்லை. எனவே அடாப்டருக்கு இன்னும் பல காலம் வேலை இருக்கிறது.

அதே நேரம், மூன்று நான்கு போர்ட் கொண்ட ஒரே சி டைப் சார்ஜர் வாங்கினால், போன், இயர்போன், வாட்ச், சில லேப்டாப்கள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு அடாப்டர் போதும். நம் ஊர் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப்போய் ஒரு அடாப்டரில் மாட்டுவதும் பலர் செய்வதுதான். போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு மட்டும் என்றால் சரி. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் இண்டிகேட்டர் லைட், சர்ஜ் பாதுகாப்பு எதுவும் இல்லாத சாதாரண பாக்ஸாக எடுத்துப்போவது நல்லது.

கிளம்பும் முந்தைய இரவு இதைச் செய்யுங்கள். எல்லா சார்ஜர்களையும் மேஜையில் பரப்பி, லேபிளில் 100-240 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை ஒதுக்குங்கள். அடாப்டரையும் சார்ஜரையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி வந்துசேர ஒரு நாள் தாமதமானாலும் போன் உயிரோடு இருக்கும். கடைசியாக, அழைத்துப்போக வருபவரின் நம்பரையும், தங்கும் இடத்தின் முகவரியையும், வீட்டு நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். காகிதத்துக்கு சார்ஜ் தேவையில்லை!